வண்டி செட்டில் இரைச்சலா? காரணம் அறியும் பாடம்

சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகர்களுக்கு வண்டிக்குள் இருக்கும் பாட்டுப்பெட்டி வெறும் ஆடம்பரம் அல்ல. விடிய விடிய ஓட்டி வரும் டிரைவருக்கு அது பேச்சுத் துணை. தெருத் தெருவாகச் சென்று அரிசி, எண்ணெய், வெங்காயம் விற்கும் வண்டிக்கு அதுவே வாடிக்கையாளரைக் கூவி அழைக்கும் குரல். அந்தக் குரலோடு சேர்ந்து 'ஊய்ங்' என்று ஓர் ஊளை கிளம்பினால் என்ன சொல்லுகிறோம் என்பதே வீட்டுக்குள் இருப்பவர் காதில் விழாது. அன்றைய விற்பனை அந்த அளவுக்குக் குறையும்.

இந்த இரைச்சலுக்காக நாம் செலவழிக்கும் பணமும் கொஞ்சமல்ல. முதலில் 'ஃபில்டர்' போடுவார்கள். சத்தம் போகாது. அடுத்து 'செட் போச்சு' என்பார்கள். புது செட்டிலும் அதே ஊளை வரும். கடைசியில் ஆம்ப்ளிஃபயரின் மேல் பழி விழும். உண்மையில் இவற்றில் பெரும்பாலான கோளாறுகள் ஒரு போல்ட்டும் ஒரு முழ ஒயரும் கொண்டு தீரக்கூடியவை. சில வேளைகளில் அந்தச் சத்தம் பாட்டுப்பெட்டியின் நோயே அல்ல. வண்டியின் டைனமோ பழுதாகிறது என்பதற்கு முன்னறிவிப்பு அது. அதைக் கவனியாமல் விட்டால், சரக்கு ஏற்றிய வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஆகவே நாமே ஸ்குரூ டிரைவர் பிடிக்காவிட்டாலும், கடைக்காரரிடம் என்ன கேட்பது, எதற்குப் பணம் கொடுப்பது என்று தெரிந்திருப்பது நல்லது.

முதலில் காதால் பாருங்கள்

எந்தச் சத்தம் என்பதைக் கேட்டாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறி, விட்டால் இறங்கும் ஊளை டைனமோவிலிருந்து வருவது. எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் 'டக் டக்' அல்லது 'டிக் டிக்' என்ற வெடிப்பு, பெட்ரோல், கேஸ் வண்டிகளில் ஸ்பார்க் பிளக்கிலிருந்து வருவது. டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆகையால் டீசல் வண்டிக்கு 'பிளக் மாற்றினால் சரியாகும்' என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வண்டியை விடவேண்டாம். வைப்பர் போடும்போது மட்டும் வரும் 'கர்ர்', இன்டிகேட்டரோடு சேர்ந்து வரும் 'டக்', பிரேக் மிதித்தால் வரும் ஒற்றைப் 'பட்' ஆகியவை அந்தந்த மோட்டார், ரிலே, சுவிட்சின் வேலை. எஞ்சின் நின்றிருக்கும்போதும் விடாமல் 'ஸ்ஸ்' என்று வரும் சீறலுக்கு எஞ்சினோடு சம்பந்தம் இல்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரில் அளவுக்கு மேல் திருப்பி வைத்த கெய்ன் குமிழ்தான்.

டைனமோ ஏன் ஊளையிடுகிறது?

நம் பட்டறைகளில் டைனமோ என்று சொல்லப்படுவது இன்றைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர். அது உற்பத்தி செய்வது வீட்டு மின்சாரத்தைப் போன்ற மாறுதிசை மின்சாரம். அதனுள்ளே இருக்கும் டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகின்றன. சாதாரணமாக ஆறு டயோடுகள் இருக்கும். அந்த நேர்மின்சாரம் கண்ணாடித் தரை போல வழவழப்பாக இருப்பதில்லை. குளத்துத் தண்ணீரில் காற்றடித்தாற்போல அதன் மேல் சிற்றலைகள் இருக்கும். அந்த அலைதான் ஸ்பீக்கரில் ஊளையாகக் கேட்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங்கில் ஓடுகிறது. பெல்ட் வழியாக டைனமோ அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 1,600 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். 12 முனை கொண்ட டைனமோ என்றால் வினாடிக்கு 160 முறை மின்சாரம் மாறுகிறது. ஆறு டயோடுகளும் மாறி மாறி வேலை செய்வதால் வினாடிக்கு 960 சிற்றலைகள். எஞ்சின் 2,500 சுற்றுக்குப் போனால் 3,000 சிற்றலைகள். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 வரையிலான அதிர்வுகளை. வண்டி ரோட்டில் ஓடும்போது ஊளை சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் சின்ன அலையும் காதைக் குடைகிறது.

நல்ல டைனமோவிலும் இந்த அலை உண்டு. பேட்டரி அதைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் அந்த உறிஞ்சும் வேலை கெடும். எனவே எதற்கும் முன்பு பேட்டரி முனைகளைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, கம்பி பிரஷால் தேய்த்து, துடைத்து இறுக்க வேண்டும். அறைகளின் மூடிக்குள் சோடா நீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோடா நம் கடையிலேயே இருக்கிறது. இதற்கு எந்த எலக்ட்ரீஷியனும் தேவையில்லை. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில் என்ற முறையை மட்டும் மறக்கக்கூடாது.

ஒரு டயோடு போய்விட்டால் கதை வேறு. அலை பெரிதாகும், ஊளை முரட்டுத்தனமாகும், பேட்டரிக்கு முழு சார்ஜ் ஏறாது. இரவில் வண்டி நின்றிருக்கும்போதே பேட்டரி இறங்குவதும் உண்டு. நேற்று வரை சுத்தமாகப் பாடிய பெட்டி, யாரும் கை வைக்காமலேயே இன்று ஊளையிட்டால் முதலில் டைனமோவைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டவேண்டும். எஞ்சின் நின்றபின் முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே டைனமோவைக் கட்டுப்படுத்துவதால் இந்த அளவு கூடக் குறைய ஆடும். அந்த வண்டிகளில் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது.

மீட்டரை ஏ.சி. அளவில் வைத்து அலையின் அளவையும் பார்க்கலாம். ஹெட்லைட் போட்ட நிலையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடைச் சோதிக்க அனுப்ப வேண்டியதுதான். ஆனால் மலிவான மீட்டர்கள் பல ஏ.சி. அளவில் வைத்தாலும் நேர்மின்சாரத்தையும் சேர்த்துக் காட்டி, 12 வோல்ட் பேட்டரியில் இரு மடங்குக்கு மேல் எண்ணைக் காட்டிப் பயமுறுத்தும். மீட்டர் ஒயரில் வரிசையாக ஒரு சிறு கண்டன்சரைச் சேர்த்து அளந்தால் அந்தக் குழப்பம் வராது. கடைக்காரர் மீட்டரைக் காட்டி 'இருபத்தாறு வோல்ட் ஏ.சி. வருது, டைனமோவை மாத்தணும்' என்றால், எஞ்சினை நிறுத்திவிட்டு அதே மீட்டரால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் அதே எண் வந்தால் பழுது டைனமோவில் இல்லை.

எர்த்: கோளாறுகளின் தாய்வீடு

வண்டியில் பேட்டரியின் மைனஸ் முனை இரும்பு உடம்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எந்த இடத்தில் போல்ட் போட்டாலும் அது எர்த் என்று நினைத்துவிடுகிறோம். தவறு இங்கேதான் தொடங்குகிறது. இரும்புத் தகடும், வெல்டிங் இணைப்பும், துருவும், பெயிண்டும் சிறிதளவு மின்தடை உள்ளவை. டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள எர்த்தும் பின்பக்கம் சரக்கு மேடைக்குக் கீழே உள்ள எர்த்தும் ஒன்று போலத் தோன்றினாலும் ஒன்றல்ல.

துருவேறிய இணைப்பு ஒன்றில் ஓர் ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை இருப்பதாகக் கொள்ளுங்கள். அதன் வழியே 20 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட் வித்தியாசம் ஏற்படும். 12 வோல்ட் பல்பு இதைக் கண்டுகொள்ளாது. ஆனால் செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆர்.சி.ஏ. ஒயரில் பாட்டின் அளவே ஒன்றிரண்டு வோல்ட்தான். மெதுவான பாட்டு வரும்போது அதைவிட மிகக் குறைவு. செட் ஒரு எர்த்திலும் ஆம்ப்ளிஃபயர் வேறொரு எர்த்திலும் இருந்தால், அந்த வித்தியாசம் ஆர்.சி.ஏ. ஒயரின் மேலுறை வழியே ஓடிப் பாட்டோடு கலக்கிறது. டைனமோவின் சிற்றலையும் அதோடு சேர்ந்து வருகிறது. இதைத்தான் 'எர்த் லூப்' என்கிறார்கள். ஃபில்டரை பவர் ஒயரில் போட்டால் இது போகாததற்குக் காரணம், கோளாறு பவர் ஒயரில் இல்லை என்பதே.

ஓர் எடுத்துக்காட்டு. அரிசி மொத்த வியாபாரி ஒருவர் தம் வண்டியில் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் பொருத்தினார். ஊளை வந்தது. ஃபில்டர் போட்டார், செட் மாற்றினார், விலை கூடிய ஆர்.சி.ஏ. ஒயரும் வாங்கினார். கடைசியில் ஒருவர் ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஸ்குருவைக் கழற்றிப் பார்த்தார். புது பெயிண்ட் அடித்த தகட்டின் மேலேயே அதை முறுக்கியிருந்தார்கள். ஸ்குருவின் மரைகள் மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. பெயிண்டைச் சுரண்டி, பளபளப்பு வந்தபின் பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கியதும் ஊளை நின்றது. மேலே கொஞ்சம் கிரீஸ் தடவியதோடு வேலை முடிந்தது. மாற்றிய சாமான்களின் பில் மட்டும் அவர் கையில் மிஞ்சியது.

எர்த் சரியாக உள்ளதா என்று அறிய ஒரு சோதனை போதும். மீட்டரின் ஒரு ஒயரை பேட்டரி மைனஸிலும், மறு ஒயரை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகிலும் வையுங்கள். எஞ்சின் ஓட, பாட்டு நன்றாக ஒலிக்க அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.2-ஐத் தாண்டினால் எர்த் கெட்டது. செட்டின் கறுப்பு ஒயருக்கும் இதே சோதனை செய்யலாம். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். அது உயிரைக் காக்கும் போல்ட்.

வரிசையாகச் சோதிக்கும் முறை

ஒன்றை மாற்றுவதற்கு முன் எந்த இடத்தில் சத்தம் நுழைகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி செட்டைப் போடுங்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால் டைனமோவுக்கும் பிளக்குக்கும் விடுதலை. போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, கெய்ன் குமிழ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு இரைச்சல் வந்தால், செட்டின் வால்யூமை முழுவதும் குறையுங்கள். சத்தமும் சேர்ந்து குறைந்தால் அது வால்யூமுக்கு முன்பே நுழைகிறது. ஏரியல், போன் ஒயர், செட்டின் உள்பகுதி என்று தேடவேண்டும். ஏரியல் பிளக்கைப் பிடுங்கினால் சத்தம் போய்விட்டால் வழி ஏரியல்தான். அதன் அடிப்பகுதி எர்த் துருவேறியிருக்கும். வால்யூமைக் குறைத்தும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது ஆர்.சி.ஏ. ஒயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கர் ஒயரிலோ நுழைகிறது.

அடுத்து, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆர்.சி.ஏ. பிளக்குகளைக் கழற்றுங்கள். மறுபடி ஓடவிடுங்கள். இப்போதும் ஊளை இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் பவர், எர்த் இரண்டில் ஒன்று, அல்லது ஸ்பீக்கர் ஒயர் எங்கோ உடம்பைத் தொடுகிறது. ஊளை நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபயர் குற்றமற்றது. சார்ஜரில் மாட்டாத ஒரு செல்போனை ஆம்ப்ளிஃபயருக்கு நேரே கொடுத்துப் பாட்டுப் போட்டால் அது உறுதியாகும். பிறகு செட்டின் கறுப்பு எர்த் ஒயரை டாஷ்போர்டிலிருந்து கழற்றி, தனி ஒயர் ஒன்றால் ஆம்ப்ளிஃபயரின் எர்த் இருக்கும் அதே இடத்துக்குக் கொண்டுசென்று பாருங்கள். பத்தில் ஒரு வண்டியாவது இங்கே அடங்காமல் போகலாம். அப்போது கடைசிச் சோதனை: செட்டின் ஆர்.சி.ஏ. துளையின் வெளி வளையத்துக்கும் செட்டின் உடம்புக்கும் இடையே தடையை அளக்க வேண்டும். ஏறத்தாழ பூஜ்யம் காட்டவேண்டும். செட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்.சி.ஏ. ஒயரைப் பிடுங்கி மாட்டுபவர்கள் உண்டு. அதனால் சில செட்டுகளில் உள்ளே தலைமயிர் போன்ற எர்த் இழை எரிந்துபோகும். பிறகு எந்த ஃபில்டரும் உதவாது. ரேடியோ மெக்கானிக் அந்த இழைக்குப் பதில் ஒரு துண்டு ஒயரைப் பற்றவைத்தால் சரியாகும்.

பவர் ஒயரும் ஆர்.சி.ஏ. ஒயரும் ஒரே பக்கமாக, ஒன்றோடொன்று கட்டப்பட்டுப் போனாலும் ஊளை வரும். ஒன்றை டிரைவர் பக்கம் கொண்டுபோனால் மற்றதைக் கிளீனர் பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் சிலுவை போலக் கடக்கட்டும்.

பிளக், சார்ஜர், விளக்கு

பெட்ரோல், கேஸ் வண்டிகளில் 'டிக் டிக்' வந்தால் பிளக் வகையைப் பார்க்க வேண்டும். இரைச்சலை அடக்கும் தடை உள்ளே வைத்த பிளக்குகளின் எண்ணில் சாதாரணமாக 'ஆர்' என்ற எழுத்து இருக்கும். விலை மலிவு என்று அந்த எழுத்து இல்லாத பிளக்கை மாட்டியிருந்தால் ரேடியோ வெடிக்கும். ஹைடென்ஷன் ஒயர் வெடித்திருந்தாலும் இதே கதை. 2019-இல் உற்பத்தி நின்ற ஆம்னி வேன்கள் நம்மில் பலரிடம் இன்றும் ஓடுகின்றன. இருக்கைக்குக் கீழேயே எஞ்சின் இருப்பதால் ஒயர்கள் பிளக்குக்கு மிக அருகில் செல்கின்றன. அந்த ஒயர்களை விலக்கிக் கட்டினாலே பாதி சத்தம் குறையும்.

சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் மலிவு யு.எஸ்.பி. சார்ஜர் எஃப்.எம். ரேடியோவைக் கெடுப்பதை இன்று தினமும் பார்க்கிறோம். சார்ஜரைப் பிடுங்கினால் ரேடியோ தெளிவானால் குற்றவாளி அதுவே. போனைச் சார்ஜில் போட்டு, அதே போனை ஒயர் மூலம் செட்டுக்கும் கொடுத்தால் எர்த் லூப் உண்டாகி ஊளை வரும். ப்ளூடூத்தில் பாடவிட்டால் அந்தச் சத்தம் இராது. பிறகு சேர்த்த எல்.இ.டி. ஹெட்லைட்டுகளும் இதே தொல்லையைத் தருவதுண்டு.

கூடாத செய்கைகள்

டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் ஒரு கணம் பலமடங்கு எகிறும். செட், ஆம்ப்ளிஃபயர், டைனமோ ரெகுலேட்டர், வண்டியின் கம்ப்யூட்டர் எது வேண்டுமானாலும் போகலாம். உங்கள் வண்டியில் யாராவது இதைச் செய்யப் போனால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

பழைய காலத்தில் ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர் கொடுத்து மறுமுனையை உடம்பில் எர்த் செய்வார்கள். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் செட்டிலிருந்தே வரவேண்டும். மைனஸ் என்று நினைத்து ஒன்றை உடம்பில் முடிந்தால் இரைச்சல் வருவதோடு உள்ளே ஐ.சி. எரியவும் கூடும்.

எல்லாவற்றையும்விட அபாயமானது மெல்லிய ஒயர். பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மி.மீ. ஒயரைப் போட்டால், நான்கு மீட்டர் தூரத்தில் 20 ஆம்பியருக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் வழியிலேயே தின்றுபோகும். ஒயர் சூடேறும். 10 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்றால் அது 0.14 வோல்ட்தான். பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும். ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரின் பக்கத்தில் இருந்தால் ஆம்ப்ளிஃபயருக்குத்தான் காவல், ஒயருக்கு இல்லை. தகட்டு ஓரத்தில் உராய்ந்து தோல் கிழிந்த ஒயர் உடம்பைத் தொட்டால் பேட்டரியின் முழு மின்சாரமும் அதில் பாயும். பின்னால் அட்டைப்பெட்டியும் எண்ணெய் டின்னும் ஏற்றிய வண்டி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒயர் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் உண்டா என்று கையை வைத்துப் பாருங்கள்.

24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் செட்டை ஒரே பேட்டரியிலிருந்து எடுத்து ஓட்டுவதும் தவறு. அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக் கெடும். இரண்டு பேட்டரியும் சேர்ந்து போகும் செலவுக்கு, 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் பலமடங்கு மலிவு. மலிவுக் கன்வர்ட்டரே இரைச்சல் தருவதும் உண்டு என்பதால் அதை ரேடியோவுக்கு ஒட்டி வைக்காமல் தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள். மின்சாரச் சரக்கு வண்டிகளில் டைனமோவே இல்லை. அங்கே ஊளைக்குக் காரணம் மோட்டார் கன்ட்ரோலரும் கன்வர்ட்டரும். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயிர்கொல்லி வோல்ட்டேஜ் கொண்டவை. அவற்றின் பக்கம் சாதாரண எலக்ட்ரீஷியனை விடவேண்டாம், கம்பெனி சர்வீஸ்தான்.

ஃபில்டருக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. எர்த், ஒயர், பேட்டரி முனை மூன்றும் சரியான பிறகும் மெல்லிய ஊளை மிஞ்சினால், செட்டின் மஞ்சள் ஒயரில் நல்ல தரமான ஃபில்டர் போடலாம். செட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே எர்த் லூப்பைப் பிரிக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியும் கிடைக்கிறது. அது தாழ்ந்த சுருதியைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். அறிவிப்பு மட்டும் செய்யும் வண்டிக்கு அது ஒரு குறையல்ல.

அறிவிப்பு வண்டி என்றதும் இன்னொன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்றை ஆர்.சி. புத்தகத்தோடு டிரைவரிடம் கொடுத்து வையுங்கள்.